முப்புரி இழையும் முதுகு வலியும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. தறியிலும் வயலிலும் நாம் செய்யும் தொழில் சித்திரமெனில், அதற்குச் சுவர் நம் உடலேயாகும். அச்சுவர் எதனால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொண்டோம்.

நெய்வேலி நகரியத்திலிருந்து குறிஞ்சிப்பாடிப் பக்கத்துச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்பொழுது, கூலிப் பட்டியலில் சில பெயர்களுக்கு நேரே வெறும் கோடு இருக்கக் காண்கிறோம். காரணம் வினவினால், “இடுப்பு வலிங்க; குழியில் உட்கார முடியவில்லை” என்பதே விடை. ஓர் அங்கத்தினர், அசையவே கூடாது என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு மாதம் கட்டிலிலேயே கிடந்தார். கைப்பணம் கரைந்தது, வலி கரையவில்லை. அறியாமையால் நேரும் இத்தகைய நட்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

ஆட்டிறைச்சி வாங்கியவர்கள், தசையின்மேல் வெண்மையாக ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைக் கண்டிருப்பர். நம் உடலிலும் ஒவ்வொரு தசையையும், நரம்பையும், உறுப்பையும் அத்தகைய சவ்வு போர்த்தியிருக்கிறது. இதுவும், தசையை எலும்போடு பிணைக்கும் நாணும், எலும்பை எலும்போடு பிணைக்கும் நாரும் இணைப்புத் திசு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றிற்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். நம் உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இதுவே. ஆட்டுக்கால் சாறு ஆறியபின் கூழ்போல் உறைவது, வெந்நீரில் கொலாஜனின் முறுக்கு அவிழ்ந்து கரைந்திருப்பதனாலாகும்.

இந்த இழையின் முறுக்கு எத்தகையது என்னும் வினாவிற்கு விடை நம் சென்னையிலேயே பிறந்தது என்பது நாம் பெருமையுறத்தக்க செய்தி. 1952-இல் தமது முப்பதாம் வயதில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தவர் ஜி. என். ராமச்சந்திரன். அங்கு வருகை புரிந்த பெர்னால் என்னும் விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் சரிவர விளங்கவில்லை என்று கூற, ராமச்சந்திரன் அதனை ஆராயத் தொடங்கினார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, இழையினூடே எக்ஸ்-கதிரைச் செலுத்திக் கிடைத்த படங்களைக் கொண்டு கணக்கிட்டு, அது மூன்று இழைகளாலான முப்புரி என்பதை 1954-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். மூன்று புரிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதை 1955-இல் விளக்கினர். பிறநாட்டு அறிஞர்கள் புரிகளுக்கிடையிலான பிணைப்புகளில் சில திருத்தங்கள் கூறினும், முப்புரி என்னும் அடிப்படை நிலைபெற்றது.

நூலின் இயல்பறிந்த நம்மவர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த சரம் ஒவ்வொரு புரியும். தனிப்புரி இடமுறுக்காகவும், மூன்றும் சேர்ந்த கயிறு வலமுறுக்காகவும் அமைந்துள்ளன. கயிறு திரிப்போர் புரியை ஒருபுறமும், கயிற்றை மறுபுறமும் முறுக்குவது அது பிரியாதிருக்கவன்றோ? மேலும், சரத்தில் மூன்றாவதாக வரும் மணி ஒவ்வொன்றும் கிளைசின் என்னும் மிகச் சிறிய மணியாக இருத்தல் வேண்டும். கயிற்றின் நடுவே வேறெதற்கும் இடமில்லை. அவற்றுள் ஒரு மணி மாறிப் பிறந்தாலும் எலும்பு எளிதில் முறியும் நோய் உண்டாகலாம்.

நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்தோடும் நீண்ட பட்டையைப் பலரும் பார்த்திருப்பர். வெறும் ரப்பராயின் அது நீண்டு அறுந்துவிடும். உள்ளே பொதிந்த எஃகு வடங்களே சுமையைத் தாங்குகின்றன. சவ்விலும், கூழ் போன்ற பொருளினிடையே கொலாஜன் இழைகள் அவ்வாறே சுமை தாங்குகின்றன. முதுகின் அகன்ற சவ்வு பல படைகளைக் கொண்டது. பாவும் ஊடையும் போல அடுத்தடுத்த படைகளின் இழைகள் வெவ்வேறு திசையில் ஓடும். ஆயினும் துணியைப் போலப் பின்னிக்கொள்ளாமல், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும். படைகளுக்கிடையே ஹயலுரோனிக் அமிலம் என்னும் வழுவழுப்பான பொருள் இருப்பதை இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்து ஸ்டெக்கோ குழுவினர் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் லாஞ்செவின் குழுவினர் நுண்ணொலிக் கருவியால் பார்த்து, நாட்பட்ட இடுப்பு வலியுடையோரிடம் இப்படைகளின் நகர்வு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருப்பதை 2011-இல் வெளியிட்டனர். நகர்வு குறைந்ததால் வலியா, வலியால் அசையாதிருந்து நகர்வு குறைந்ததா என்பது இதனால் முடிவாகவில்லை. ஆயினும் சாதாரண இடுப்பு வலிக்கு நீண்ட படுக்கையைவிட, இயன்றவரை நடமாடுதலே நன்று என்பது மருத்துவர் பலரும் ஏற்ற கருத்து.

ஆகவே, தறியில் அமர்ந்தோர் அரைமணிக்கு ஒருமுறையேனும் எழுந்து, பத்தடி நடந்து, முதுகை நிமிர்த்தி வளைத்தல் வேண்டும். களை பறிப்போரும் நாற்று நடுவோரும் வரப்பில் சற்று நிமிர்ந்து நிற்றல் வேண்டும். கொலாஜன் திரிவதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் நிறைய உண்டு; மணிகளுக்குரிய புரதம் பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் உண்டு. விலையுயர்ந்த கொலாஜன் பொடிகளைக் கடன்பட்டு வாங்க வேண்டுவதில்லை. அவை வயிற்றில் சிதைந்து சிறு துண்டுகளாகுமேயன்றி, முழுமையாக முதுகிற் சென்று ஒட்டுவதில்லை. ஆனால் கால் மரத்தல், கால் வலுவிழத்தல், சிறுநீர் கழிப்பதில் தடை, காய்ச்சல், விழுந்தபின் தோன்றிய வலி ஆகியவை இருப்பின் தாமதியாது மருத்துவரிடம் செல்க.

மேற்கூறிய அங்கத்தினர் இன்று மீண்டும் நெய்கிறார். முன்போல் விடாது அமர்வதில்லை. இடையிடையே எழுந்து நடக்கிறார். கூலிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே கோடு மறைந்து தொகை ஏறியிருக்கிறது.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்:

1. நம் சங்கத்தில் கடந்த ஓராண்டில் உடல்வலியால் இழந்த வேலைநாட்கள் எத்தனை?

2. தறிக்குழியின் ஆழமும் இருக்கையின் உயரமும் நெய்பவரின் அளவுக்கு ஏற்றவையா?

3. இவற்றைச் சீர்செய்ய நிர்வாகக் குழு செய்யக்கூடியது யாது?