கருவிக்கும் மறதி வரும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

பரீட்சைக்கு முதல் நாள் படித்தது மறுநாள் மறந்துபோவது நமக்குப் புதிதல்ல. ஆனால் விலையுயர்ந்த அளவுகருவி ஒன்று, மாலையில் அணைத்து மறுநாள் காலையில் மீண்டும் போட்டதும், தான் அறிந்ததை எல்லாம் மறந்து நிற்கும் என்றால் நம்புவீர்களா, தோழியரே? 1980களிலும் 1990களிலும் செய்யப்பட்ட பல மின்னணுச் சோதனைக் கருவிகளுக்கு இந்நோய் வந்துகொண்டிருக்கிறது. அதன் காரணத்தையும் மருந்தையும் இவ்வாண்டு எங்கள் அறிவியல் மன்றத்தில் படித்தோம். ஒரு கருவியை முன்வைத்து அதைச் சொல்ல முயல்கிறோம்.

அக்கருவி, அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1980களின் இறுதியில் வெளியிட்ட 3458ஏ என்னும் மல்டிமீட்டர். நம் ஆய்வகத்து வோல்ட் மீட்டரில் முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் நாம் உத்தேசமாக ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறோம். இதுவோ எட்டரை இலக்கம் காட்டும். பத்து வோல்ட் அளவில் வைத்தால், ஒரு வோல்ட்டைக் கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு மாறினாலும் கடைசி இலக்கம் நகரும்.

இத்தனை துல்லியம் எங்கிருந்து வருகிறது? உள்ளே இருக்கும் பாகங்கள் குறையற்றவை என்பதால் அல்ல. எந்தத் தொழிற்சாலையாலும் சரியாக 40,000 ஓம் உள்ள மின்தடையைச் செய்ய இயலாது. சற்றுக் கூடும், சற்றுக் குறையும். எனவே கருவியைச் செய்து முடித்தபின், நன்கு அறியப்பட்ட 10 வோல்ட்டையும் 10,000 ஓமையும் அதற்குக் காட்டுகிறார்கள். தான் எவ்வளவு பிசகுகிறோம் என்று அது கணக்கிட்டு, திருத்த எண்களாகக் குறித்துக்கொள்கிறது. தராசுத் தட்டுகள் சமமாக இல்லாவிட்டால் கடைக்காரர் ஒரு பக்கம் காசு ஒன்றை வைத்துச் சமன் செய்வாரே, அதைப் போன்றதே இது. ஒரு தராசுக்கு வைத்த காசு இன்னொரு தராசுக்கு உதவாது. அதுபோல ஒரு மீட்டரின் திருத்த எண்கள் மற்றொரு மீட்டருக்குப் பயன்படா.

இந்த எண்களைக் காக்கும் ஐ.சி.யின் பெயர் டி.எஸ். 1220 ஒய். டெக்சஸ் மாநிலத்து டல்லஸ் செமிகண்டக்டர் நிறுவனம் செய்தது. 2,048 பைட்டுகளே கொள்ளும். பார்ப்பதற்கு மற்ற ஐ.சி.க்களைவிடத் தடிமனாக, கருப்புக் கட்டி போல் இருக்கும். அந்தக் கட்டிக்குள்தான் ஒரு சிறு லித்தியம் பேட்டரி ஒளிந்திருக்கிறது.

பேட்டரி எதற்கு? உள்ளே இருப்பது நிலை ரேம் என்னும் நினைவகம். தட்டாமாலை சுற்றும்போது இரு சிறுமியர் கைகோத்து ஒருவரை ஒருவர் இழுத்துப் பிடித்திருப்பதால்தான் இருவரும் விழாமல் இருக்கிறார்கள். நிலை ரேமிலும் ஒவ்வோர் அறையிலும் இரு சிறு சுற்றுகள் இவ்வாறே ஒன்றை ஒன்று பிடித்து நிற்கின்றன. வலமாகச் சுற்றினால் 1, இடமாகச் சுற்றினால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். தெம்பு இருக்கும்வரை திசை மாறாது. மின்சாரம் நின்றால் இருவரும் கீழே விழுவார்கள். எந்தத் திசையில் சுற்றினார்கள் என்று பிறகு கேட்டுப் பயனில்லை. ஆகவே கருவியை அணைத்ததும், 5 வோல்ட் இறங்குவதை உணர்ந்து, எழுதும் கதவைச் சாத்திவிட்டு, பேட்டரி அந்தப் பொறுப்பை ஏற்கிறது. மிகவும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. ஒரே குறை, அதற்கு ஆயுள் உண்டு. மின்சாரம் இல்லாமல் குறைந்தது 10 ஆண்டு காக்கும் என்று செய்தவர்கள் உறுதி கூறினர். பல ஐ.சி.க்கள் 20 ஆண்டையும் கடந்து உழைத்தன. ஆனால் முப்பதைத் தாண்டியவற்றை நம்பி இருக்கலாமா?

முன்னறிவிப்பும் கிடைக்காது. டார்ச் விளக்கு மங்குவதைப் பார்த்துச் செல் தீர்ந்துவிட்டது என்று அறிகிறோம். லித்தியம் பேட்டரியோ ஏறக்குறைய இறுதிவரை ஒரே வோல்ட்டைக் காட்டி, பின் திடீரென்று சரியும். கட்டிக்குள் மூடியிருப்பதால் வெளியிலிருந்து அளக்கவும் வழியில்லை. டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 2465பி என்னும் 400 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பிலும் பிற்காலத்தில் செய்தவற்றில் இவ்வகை ஐ.சி.தான் உண்டு. எண்கள் கெட்டபின் அதன் திரையில் ‘டெஸ்ட் 04 ஃபெயில்’ என்று வரும். வந்தபின் அறிந்து என்ன செய்ய?

பழைய ஐ.சி.யைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. புதிய ஐ.சி. வெற்றுச் சிலேட்டு. எண்கள் தொலைந்தால் 3458ஏ மீட்டரை அளவியல் கூடத்துக்கு அனுப்பி மீண்டும் அளவு திருத்த வேண்டும், ஏ.சி. அளவுகளுக்குத் தனி வேலை உண்டு. அப்படித் திருத்தினாலும், இத்தனை ஆண்டுகளில் அது எவ்வளவு நகர்ந்தது என்று ஒப்பிடப் பழைய எண்கள் இருக்கமாட்டா. அந்த மீட்டரின் சரித்திரமே போய்விடும். ஆகவே காக்க வேண்டியது ஐ.சி.யை அல்ல, அதில் உள்ள எண்களை.

கருவி ஓடிக்கொண்டிருந்து சரியாகவும் காட்டுகிறது என்றால், முதலில் அதை அணைக்காதீர்கள். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பது அணைத்த பிறகுதான் தெரியும்! ஓடும்போதே, பின்புறமுள்ள ஜி.பி.ஐ.பி. இணைப்பின் வழியாகக் கணினி கொண்டு திருத்த எண்களைக் கேட்டு வாங்கிச் சேமிக்க வேண்டும். அதன்பின் அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, ஐ.சி.யைக் கழற்றலாம். சால்டரிங் அயர்ன் எர்த் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரே காலில் நெடுநேரம் சூடு வைக்கக் கூடாது. ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஒவ்வொரு காலாக விடுவிக்க வேண்டும். கழற்றிய ஐ.சி.யை ஐ.சி. புரோகிராமரில் வைத்து இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றாக உள்ளனவா என்று ஒப்பிட்டபிறகே புதியதில் எழுத வேண்டும். பலகையில் நேராக ஈயம் வைக்காமல் ஒரு சாக்கெட் வைத்தால் அடுத்த முறை சூடே தேவையில்லை.

3458ஏ மீட்டரில் டி.எஸ். 1230 ஒய் வகை ஐ.சி.க்கள் இரண்டும் உண்டு. அவை போனால் போவது பயன்படுத்துபவர் சேமித்தவை மட்டுமே. திருத்த எண்கள் அல்ல. இருந்தாலும் பெட்டியைத் திறந்த அன்றே மாற்றிவிடுவது நல்லது. வேறு சில கருவிகளில் பேட்டரி தனியாகப் பலகையில் இருக்கும். அங்கே பழையதை எடுக்கும் நேரத்தில் வேறொரு 3 வோல்ட் மின்கலத்தை இணையாகப் பிடித்துக்கொண்டால் நினைவு தப்பாது.

புதிய ஐ.சி. வாங்கும்போது அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்க்க வேண்டும். 9023 என்றிருந்தால் 1990ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது என்று பொருள். பழையதைப் புதியதாக விற்பவர்கள் எங்கும் உண்டு.

பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு எஃப்ரேம் இருக்கிறது. பெயரில் இரும்பு இருந்தாலும் உள்ளே இரும்பு கிடையாது. ஒருவகைப் படிகத்தில் மின்னூட்டம் மேல் நோக்கியோ கீழ் நோக்கியோ திரும்பி, மின்சாரம் நின்றாலும் அப்படியே நிற்கும். ஆனால் சாதாரண எஃப்ரேம், ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அதன் ‘தேர்வு’க் காலை விட்டுவிட்டுத் தட்டி எழுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும். அந்தக் காலை எப்போதும் அழுத்தியே வைத்திருக்கும் கருவிகளில் வேலை செய்யாது. கால்களும் பொருந்த வேண்டும்: எஃப்.எம். 1608 என்பதற்கு 28 கால், டி.எஸ். 1220க்கு 24 கால்; நடுவே ஒரு சிறு மாற்றுப் பலகை தேவை.

சேமித்த எண்களை இரண்டு இடங்களில் வைத்து, கருவியின் வரிசை எண்ணையும் அத்துடன் எழுதிக்கொள்ள வேண்டும். ஐ.சி. மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி, பெட்டியின் மூடிக்கு உட்புறமாக ஒட்டிவிட்டுத் திருகுகளை முடுக்கலாம்.