நாலே எழுத்தில் ஒரு கண்ணீர்க் கதை



பரீட்சை ரிசல்ட் ஒட்டுற அன்னிக்கு நம்ம நெஞ்சு எப்படி அடிச்சுக்கும்? அதைச் சீனர்கள் 'ச்சி ஷாங் பா ஷியா' என்பார்கள். 'ஏழு மேலே, எட்டு கீழே' என்று பொருள். கணக்குப் பாடம் இல்லை! கிணற்றில் பதினைந்து வாளி விட்டு இறைத்தால் ஏழு மேலே வரும், எட்டு கீழே போகும். ஒன்றும் நிலையாக நிற்காது. பதறும் மனசும் அப்படித்தானாம்.

இப்படிப்பட்ட தொடர்களுக்குச் சீனத்தில் 'செங்யூ' என்று பெயர். நம்ம மரபுத்தொடர் மாதிரிதான், ஆனால் பெரும்பாலும் நாலே எழுத்து. பலவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கும். கதை தெரியாவிட்டால் பொருள் பிடிபடாது. கவலை, துக்கம், ஏமாற்றம் பற்றியவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஏன்னா இதுலதான் சொல்லை மாத்திப் போட்டா அடுத்தவங்க மனசு நோகும்.

'ச்சீ ரென் யோவ் தியன்' என்றால் 'ச்சீ நாட்டுக்காரன் வானத்துக்காகக் கவலைப்படுகிறான்'. ச்சீ ஒரு சின்ன நாடு. அங்கே ஒருவருக்கு, வானம் இடிந்து விழுந்தால் எங்கே போவது என்று ஒரே பயம். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. இன்னொருவர் வந்து, "வானம்னா வெறும் காத்துதானே, அதுக்குள்ளதானே நீ மூச்சே விடுற" என்றார். "அப்போ சூரியனும் சந்திரனும் விழாதா?" "அதுவும் ஒளிவிடுற காத்துதான், விழுந்தாலும் அடிபடாது." "பூமி உடைஞ்சு போனா?" இப்படியே கேட்டுக் கேட்டுத்தான் மனிதர் சமாதானமானார். 'லியே ட்சு' என்ற பழைய நூலில் வரும் கதை இது. எனக்கென்னவோ அவர் கேட்டதெல்லாம் நல்ல அறிவியல் கேள்வியாத்தான் படுது!

ஆனால் இது கேலித் தொடர். அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு அழுகிற தோழியிடம் இதைச் சொன்னால், 'உன் கவலை வெட்டிக் கவலை' என்று சொன்னதாகும். அங்கே பொருந்துவது 'யோவ் ஷின் ரூ ஃபென்', அதாவது கவலையில் நெஞ்சு தீயாய் எரிகிறது. நம்ம வீடுகளில் 'வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு' என்பார்கள். அவர்களுக்கு நெஞ்சில் நெருப்பு, நமக்கு வயிற்றில்.

துக்கத்துக்கு வருவோம். கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் ஹுவான் வென் என்ற தளபதி யாங்சி ஆற்றின் மலையிடுக்குகள் வழியே படகுகளில் படையோடு போனார். வீரன் ஒருவன் ஒரு குரங்குக்குட்டியைப் பிடித்துப் படகில் போட்டுக்கொண்டான். தாய்க்குரங்கு அலறிக்கொண்டே கரையோரமாக ஓடி வந்தது. ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்! கடைசியில் படகுக்குள் பாய்ந்தது, பாய்ந்த உடனே செத்துப்போனது. வயிற்றைக் கீறிப் பார்த்தால், குடல் துண்டு துண்டாக அறுந்திருந்ததாம். தளபதி கோபப்பட்டு அந்த வீரனை வேலையை விட்டே நீக்கிவிட்டார். இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லப்படுவதுதான் 'கான் ச்சாங் ட்சுன் துவான்'. ஈரலும் குடலும் அங்குலம் அங்குலமாக அறுந்தன என்று பொருள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் போன்றவர்களுக்குத்தான் இது. பேனா தொலைஞ்சதுக்கெல்லாம் சொன்னா சிரிப்பாங்க.

ஏமாற்றத்துக்கு 'தா ஷி ஸுவோ வாங்'. எதிர்பார்த்தது பெரிதாகப் பொய்த்துப்போனது என்று அர்த்தம். கி.மு. 206-இல் ஷியாங் யூ என்ற வீரர் ச்சின் நாட்டுத் தலைநகருக்குள் புகுந்து அரண்மனைகளைக் கொளுத்தினார். ச்சின் மக்கள் மிகவும் ஏமாந்துபோனார்கள் என்று ஸிமா சியென் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அதே ஷியாங் யூ கி.மு. 202-இல் எதிரிப்படை நடுவே மாட்டிக்கொண்டார். ராத்திரி நாலு பக்கமும் அவருடைய சொந்த ஊரான ச்சூ நாட்டுப் பாட்டுகள் கேட்டன. பாடியது எதிரிப்படை! 'நம் நாடே அவர்கள் கைக்குப் போய்விட்டதா?' என்று மனம் உடைந்துபோனார். 'ஸ மியன் ச்சூ க', அதாவது 'நாற்புறமும் ச்சூ பாட்டு', அங்கே பிறந்ததுதான். உதவிக்கு ஆளில்லாமல் தனியே சிக்கியவரைக் குறிக்க இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஓர் எழுத்து. பக்கத்தில் சிவப்பு மையில் நான் வரைந்திருப்பதுதான் 'ச்சோவ்', கவலை. மேலே இருப்பது இலையுதிர்காலம், கீழே இருப்பது இதயம். மேல்பாதி ஒலிக்காக வைத்தது என்கிறார்கள். இருந்தாலும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! மேலே இடப்பக்கம் தானியக் கதிர், வலப்பக்கம் நெருப்பு. மொத்தம் பதின்மூன்று கோடு, எழுதிப் பாருங்கள்.