அனுமதி வெட்டிய 200 அடி

கேள்வி: வானளாவிய கட்டடங்களின் மாதிரிப் படம் ஒன்றாகவும், கட்டி முடித்தது வேறாகவும் இருக்கிறதே, ஏன்?

பதில்: பணத் தட்டுப்பாடும் ஒரு காரணம்தான். ஆனால் சில கட்டடங்களின் உருவத்தையே மாற்றிவிடுவது நகர நிர்வாகத்தின் அனுமதி.

நியூயார்க்கில் நவீனக் கலை அருங்காட்சியகத்தை ஒட்டி, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ழான் நூவெல் 1,250 அடியில் ஒரு கோபுரம் வரைந்தார். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் கூரை உயரமும் அதுதான். அந்த உயரத்துக்கு ஏற்ற தகுதி உச்சியின் வடிவமைப்பில் இல்லை என்று சொல்லி, 2009இல் நகரத் திட்ட ஆணையம் 200 அடியைக் குறைக்கச் சொன்னது. 1,050 அடியில் கட்டி முடித்தார்கள். உச்சி சரியில்லை என்றால் அதைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். உயரத்தை வெட்டியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

முன்கூட்டியே தெரிந்த விதி என்றால் கதை வேறு. லண்டன் ஃப்ளீட் தெருவிலிருந்து பார்த்தால் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிய வேண்டும்; பின்னால் எதுவும் முட்டி நிற்கக் கூடாது. அதனால் 225 மீட்டர் உயர லெடன்ஹால் கட்டடத்தின் ஒரு பக்கத்தையே கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ரோஜர்ஸின் நிறுவனம் சாய்த்துவிட்டது. மேலே போகப் போகத் தளங்கள் சுருங்கும். லிஃப்ட்டுகளை நடுவில் வைக்க வழியில்லாமல் வடக்குப் பக்கம் தனிக் கூடாக நிறுத்தினார்கள். விதியோடு மல்லுக்கட்டாமல் அதிலிருந்தே பிறந்த அழகு அது.

நியூயார்க்கின் பழைய கோபுரங்கள் படிப்படியாக உள்வாங்கி எழுவதும், தெருவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று 1916இல் வந்த சட்டத்தால்தான்.