ஆறு வேற்றுமையும் ஆறு ஸ்வரமும்

திருவான்மியூர்க் கடற்கரையில் மாலை வேளைகளில் என்னோடு நடக்க வரும் நண்பரின் மகன், தரமணியில் உத்தியோகம் பார்ப்பவன், ஸ்லோவாக்கியாவிலும் ஹாங்காங்கிலும் தனக்கு வேலை வாய்த்திருப்பதாகவும், ஸ்லோவாக், கான்டனீஸ் என்ற அவ்விடத்துப் பாஷைகள் இரண்டில் எது சுலபமோ அந்த ஊருக்கே போவதென்று நிச்சயித்திருப்பதாகவும் சொல்லி, "பெரியப்பா, நீங்களே சொல்லுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டான். நான் வாய் திறக்குமுன்னே உடன் நடந்தவர்கள் ஆளுக்கொரு அபிப்பிராயத்தைக் கொட்டிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை தவறு.

"கான்டனீஸ் சீனத்தின் ஒரு கொச்சைதானே, மாண்டரின் படித்தால் அதுவும் வந்துவிடும்" என்றார் ஒருவர். வராது. பெய்ஜிங்வாசி பேசுவது ஹாங்காங்வாசிக்குத் தனியே பயிலாமல் விளங்காது. ஸ்லோவாக்கைச் செக் பாஷையின் கிளை என்பதில் மட்டும் பாதி நியாயம் உண்டு. இரு சாராரும் தத்தம் பாஷையில் பேசியே பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். ஆயினும் ஸ்லோவாக் அறிஞர்களான பெர்னொலாக் 1787இலும், லுதோவித் ஷ்டூர் 1843இலும் அதற்கெனத் தனி நியமம் வகுக்க முனைந்தார்கள். நாடும் 1993 ஜனவரி 1 முதல் தனி நாடு. பெயர் ஒத்த ஸ்லோவேனியா என்பது வேறு நாடு.

"ஸ்லோவாக்கில் ஆறு வேற்றுமையாம், தலை சுற்றும்" என்ற பயம் ஆங்கிலேயனுக்குப் பொருந்தும். எட்டு வேற்றுமையோடு பிறந்த நமக்கு அது என்ன புதுமை? டாட்டா குழுமத்தைச் சேர்ந்த ஜாகுவார் லேண்ட் ரோவர் 2018இல் தொழிற்சாலை திறந்த நித்ரா நகரையே (பெயரைக் கேட்டதும் நண்பர் கொட்டாவி விட்டார்) எடுத்துக்கொள்வோம். நித்ராவை என்பது 'நித்ரு'. நித்ராவில் என்பது 'வ் நித்ரெ'. உருபு கடைசியில் மாறுவது நம் வழக்கமே; முன்னால் ஒரு சிறு சொல் வந்து ஒட்டுவதுதான் புதிது. நெடில் குறில் பேதமும் நமக்குக் கைவந்தது: 'பஸ்' என்றால் பாஸ்போர்ட், 'பாஸ்' என்றால் இடுப்பு வார். 'பீசத்' என்பது எழுதுவது, 'நப்பீசத்' என்பது எழுதி முடித்துவிடுவது. இதற்கும் நம்மிடம் 'விடு' இருக்கிறது. உண்மையான சிரமம் வேறிடத்தில். அங்கே மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், நகரம் நபும்சகம்; அதற்கேற்ப 'நல்ல' என்ற அடைமொழியும் ஒவ்வொரு வேற்றுமையிலும் உருமாற வேண்டும். உயிரெழுத்தே இல்லாமல் 'வ்ல்க்' என்று ஓநாயை அழைப்பதற்கும் நம் நாக்கு சற்று முரண்டு பிடிக்கும்.

"கான்டனீஸில் வியாகரணமே இல்லை" என்பது மற்றொரு பிரமை. வேற்றுமை உருபும் பால் விகுதியும் இல்லையென்பது மெய். ஆனால் வாக்கியத்தின் வாலில் ஒட்டும் சிறு அசைகள் ஏராளம். கேள்விப்பட்டதைச் சொல்லும்போது அவர்கள் சேர்க்கும் 'வோ' என்ற அசை, 'வந்தானாம்' என்பதில் நாம் சேர்க்கும் 'ஆம்' என்பதற்குச் சரி நிகர். பாடபுத்தகம் இதைப் பக்கம் பக்கமாக விளக்கும். தமிழனுக்கு ஒரு வரி போதும்.

பயப்பட வேண்டியது ஸ்வரத்துக்குத்தான். 'ஸி' என்ற ஒரே அசை, மேல் ஸ்தாயியில் நின்றால் கவிதை, அந்த ஸ்தாயிக்கு ஏறினால் சரித்திரம், நடுவில் நின்றால் முயற்சி, கீழே இறங்கினால் காலம், கீழிருந்து ஏறினால் சந்தை, கீழேயே நின்றால் காரியம். அசை வெட்டுண்டு முடிவதைத் தனியே எண்ணி, ஒன்பது என்பாரும் உண்டு. கலாக்ஷேத்திராவின் பக்கத்தில் குடியிருப்பவர்களாதலால், "சங்கீதம் தெரிந்தால் இது தானாக வரும்" என்று ஒரு அம்மாள் உறுதி கூறினார். காது கூர்மையாவது லாபமே. ஆனால் ராகத்தில் ஸ்வரம் பிசகினால் ரசம் குறையும், இங்கே அர்த்தமே மாறும். ஹாங்காங் சினிமாப் பாட்டாசிரியர்கள் மெட்டு முன்பே அமைந்திருக்க, அதன் ஏற்ற இறக்கத்துக்குப் பொருந்தும் ஸ்வரமுடைய சொற்களைத் தேடித் தேடி அடுக்குகிறார்கள். இன்னொரு எதிரி நம் குற்றியலுகரம்: ஆறு என்பதற்கு 'லுக்' என்று மூச்சை அடக்கி நிறுத்தவேண்டிய இடத்தில் நாம் 'லுக்கு' என்று சொல்லி வைப்போம்.

எழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாங்காங்கில் 'ஆகும்' என்ற பொருளில் பேச்சில் 'ஹாய்' என்பதை எழுத்தில் 'ஸி' என்றே எழுதுவது வழக்கம். செந்தமிழும் பேச்சுத்தமிழும் போல இரண்டு. அதற்குமேல் ஆயிரக்கணக்கான சித்திர எழுத்துக்கள். மறுபுறம், ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வளர்ந்த தமிழர் சிலர் ஓர் எழுத்தும் அறியாமலே கான்டனீஸ் பேசுகிறார்கள்.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் ஸ்லோவாக்குக்கு 44 வாரமும் கான்டனீஸுக்கு 88 வாரமும் விதித்திருக்கிறது என்று பையன் கைபேசியை நீட்டினான். அது ஆங்கிலம் பேசுவோருக்கான கணக்கு. அதே பட்டியலில் தமிழும் ஸ்லோவாக்கோடு 44 வார வரிசையில்தான் அமர்ந்திருக்கிறது. தாய்மொழி தமிழாக உள்ளவனுக்கென்று அதில் அட்டவணை ஏதுமில்லை.

என் தீர்ப்பைச் சொன்னேன். எழுதப் படிக்கவும் வேண்டுமானால் ஸ்லோவாக்கே. பேச்சு மட்டும் போதுமென்றால் கான்டனீஸை அஞ்சாமல் எடுக்கலாம், ஆனால் முதல் ஆறு மாதம் சித்திர எழுத்தைத் தொடாமல், 1993இல் ஹாங்காங் மொழியியலார் வகுத்த ஜ்யூட்பிங் ஒலிக்குறியைக் கொண்டு ஸ்வரத்தை மட்டும் சாதகம் செய்ய வேண்டும். அப்பா இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யும்படியும் சொல்லி வைத்தேன்.