நிறம் நீங்கினால் நஞ்சு நீங்குமா?

(கழிவுநீரைத் துப்புரவு செய்யும் குளிர் பிளாஸ்மா முறை)

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது

பாசனத்திற்குத் தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று விவசாயிகள் கேட்பது உலக வழக்கம். திறக்கவேண்டாம் என்று அவர்களே கேட்கும் நிலை நமது மாநிலத்தில் ஏற்பட்டது. சென்னிமலைக்கு அருகில் நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் வந்து தேங்கியதே இதற்குக் காரணம். விவசாயிகள் தொடுத்த வழக்கில், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத ஏற்பாட்டைச் செய்துகொள்ளாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தகைய கழிவுநீரைத் துப்புரவு செய்யப் புதிய முறைகள் பல ஆராயப்பட்டு வருகின்றன. அவற்றுள் ஒன்று குளிர் பிளாஸ்மா முறை. இதன் ஆற்றலையும் எல்லையையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் நலம்.

பிளாஸ்மா என்பது யாது?

பனிக்கட்டியைச் சூடேற்றினால் நீராகும். நீரைச் சூடேற்றினால் ஆவியாகும். ஒரு வாயுவுக்கு மேலும் ஆற்றல் ஊட்டினால், அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும். இந்நான்காம் நிலைக்கு 1928-ஆம் ஆண்டில் இர்விங் லாங்மியூர் என்னும் விஞ்ஞானி பிளாஸ்மா என்று பெயரிட்டார். வானத்து மின்னல் வெப்பமான பிளாஸ்மா. நமது வீட்டுக் குழல் விளக்கினுள் ஒளிர்வது குளிர் பிளாஸ்மா.

எரியும் குழல் விளக்கைத் தொட்டால் கை சுடுவதில்லை. உள்ளே எலெக்ட்ரான்கள் கடுஞ்சூடு கொண்டிருப்பினும், அவை மிக நுண்ணியவை; கனமான வாயு அணுக்களை அவை சூடாக்குவதில்லை. மத்தாப்பின் பொறி சிவக்கக் காய்ந்ததாயினும், அதன் சிறுமை காரணமாகக் கையில் விழுந்தால் பெரிதாகச் சுடாததை இதற்கு ஒப்பிடலாம்.

தண்ணீரில் இது செய்யும் வேலை

கழிவுநீரின் மேற்பரப்பிலோ, அதனுள் செலுத்தப்படும் குமிழிகளிலோ உயர் அழுத்த மின்சாரத்தால் குளிர் பிளாஸ்மாவை உண்டாக்குகிறார்கள். அப்போது ஓசோன், ஐதரசன் பெராக்சைடு, ஐதராக்சில் என்னும் பொருள்கள் தோன்றுகின்றன. இவை கிருமிகளைக் கொல்லும். கரிமப் பொருள்களின் பிணைப்பை உடைக்கும். இவற்றுள் ஓசோன் நமக்குப் புதியதன்று. மின்சாரத்தால் அதனை உண்டாக்கும் கருவியை 1857-ஆம் ஆண்டில் வெர்னர் சீமென்ஸ் அமைத்தார். பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் 1906-ஆம் ஆண்டு முதல் குடிநீரைத் துப்புரவு செய்ய ஓசோன் பயன்பட்டது.

ஆனால் அனைத்திலும் வலிமை மிக்கது ஐதராக்சில். அது தோன்றிய கணமே மறைந்துவிடும். ஆதலால் பிளாஸ்மா தண்ணீரை ஒட்டியே உண்டாக வேண்டும். கலங்கல் நீரை முதலில் தெளியவைத்து வடிகட்டுவதும் அவசியம்.

சாயப்பொருள்கள் வெயிலுக்கும் சலவைக்கும் மங்காதவாறு செய்யப்படுபவை. துணிக்கு நன்மையான அவ்வுறுதியே ஆற்றுக்குத் தீமையாகிறது. சாதாரண நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பில் அவை எளிதில் அழிவதில்லை. குளிர் பிளாஸ்மா அவற்றையும் உடைக்க வல்லது. அமெரிக்காவில் தீயணைப்பு நுரையால் நிலத்தடி நீரில் கலந்து, எளிதில் சிதையாமல் நிற்கும் புளோரின் சேர்மங்களை இம்முறையால் அழிக்கும் கள ஆய்வு, 2019-ஆம் ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் நடைபெற்றது.

இதனால் ஆகாதவை

முதலாவது, உப்பு. துணியில் சாயம் ஏறுவதற்காக உப்பை மிகுதியாகச் சேர்க்கிறார்கள். நிலத்தைக் கெடுப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நீரில் கரைந்த உப்பு ஏற்கெனவே பிரிந்து நிற்பது. மேலும் உடைக்க அதில் ஒன்றுமில்லை. உப்புக்கு நிறமும் இல்லை. ஆகவே பிளாஸ்மாவால் தெளிந்த நீர் முன்போலவே தென்னையையும் கிணற்றையும் கெடுக்கக்கூடும். ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களும் இம்முறையால் அழிவதில்லை.

இரண்டாவது, அரைகுறைச் சிதைவு. சாய மூலக்கூறின் ஒரு பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். ஆனால் உடைந்த துண்டுகள் நீரிலேயே இருக்கும்; அவற்றுள் சில நஞ்சுடையவை. நிறம் போனது நஞ்சு போனதற்குச் சான்றன்று.

மூன்றாவது, நைட்ரேட். காற்றில் பிளாஸ்மாவை உண்டாக்கினால், காற்றிலுள்ள நைட்ரசன் மாறி நீரில் நைட்ரேட்டாகக் கலக்கும்; நீர் புளிப்புத் தன்மையும் அடையும்.

பஞ்சாயத்து கேட்க வேண்டிய கேள்விகள்

கண்ணாடிக் குடுவையில் வண்ண நீரைத் தெளியவைத்துக் காட்டி, கருவியை வாங்குமாறு எவரேனும் வற்புறுத்தினால், அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

1. எமது கழிவுநீரில் உள்ள கேடு எது? சாயமா, மருந்துப் பொருளா, கிருமியா, உப்பா?

2. துப்புரவுக்கு முன்னும் பின்னும் இரசாயன ஆக்சிஜன் தேவை எவ்வளவு? நிறம் போயும் இவ்வளவு குறையவில்லையெனில், துண்டுகள் நீரில் எஞ்சியுள்ளன என்று அறியலாம்.

3. கரைந்த உப்பும் நைட்ரேட்டும் எவ்வளவு? இந்தியக் குடிநீர்த் தர விதிப்படி, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மிகலாகாது. கரைந்த திடப்பொருள்கள் 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது.

4. ஆயிரம் லிட்டருக்கு மின்சாரம் எத்தனை யூனிட்? 10 யூனிட் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 50,000 லிட்டருக்கு 500 யூனிட். மாதத்திற்கு 15,000 யூனிட் ஆகும். இதைச் செலுத்துவது யார்?

5. இவ்வளவும் விற்பவரைச் சாராத ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டனவா?

வீட்டுச் சமையல் நீருக்கும் குளியல் நீருக்கும் இக்கருவி வேண்டியதில்லை. அதற்கு உறிஞ்சு குழியும் கல்வாழைப் பாத்தியும் போதும். குறைந்த அளவில் வெளிவரும் கடும் நச்சுக் கழிவுக்கே, மற்ற முறைகளுடன் சேர்ந்து, குளிர் பிளாஸ்மா பயன்படத் தக்கது. அந்நச்சுக் கழிவைச் சாக்கடையில் கலக்கவிடாமல், பிறக்கும் இடத்திலேயே பிரித்து வைப்பதே முதல் வேலை. பலவும் கலந்து பெருகிய பின்னர் எந்தக் கருவிக்கும் செலவு பெருகும், பலன் குறையும்.

ஆகவே, அடுத்த கிராம சபைக் கூட்டத்திற்கு முன்பாக, ஊரின் எல்லைக்குள் கழிவுநீர் எங்கெங்கே பிறக்கிறது, எந்த ஓடையில் சேருகிறது என்பதைப் பட்டியலிட்டு வைத்தல் ஒவ்வொரு பஞ்சாயத்தின் கடமையாகும்.