ஆஸ்பத்திரியில் ஏமாறாமல் இருக்க: தருமபுரிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அரூர், பென்னாகரம் பக்கம் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், நோய் என்ன என்று தெரிவதற்குள்ளேயே எவ்வளவு கறப்பார்களோ என்ற பேச்சு வீட்டில் கிளம்பிவிடுகிறது. அந்தப் பயத்தைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்ததும், அதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் விலை போட்டிருந்த இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு வைக்கும், மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள், வரி நீங்கலாக 29,600 ரூபாய்க்கு இறங்கின. அத்தனை காலம் கூடுதலாகப் போன பணம் நகையையும் நிலத்தையும் அடகு வைத்த குடும்பங்களுடையது. ஆனாலும் சந்தேகத்தை டீக்கடையில் கொட்டிவிட்டு, டாக்டர் முன்னால் வாய் திறக்காமல் கையெழுத்துப் போடுகிறோமே, அது மாறவேண்டும்.

போகுமுன் பார்க்க வேண்டியவை

அவசரம் என்றால் 108. மற்ற நேரத்தில், கிளினிக் போர்டில் டாக்டரின் பட்டமும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் போலி மருத்துவர்கள் அடிக்கடி பிடிபடுகிறார்கள். ஊசி போட்டதும் காய்ச்சல் விட்டது என்பதற்காக ஒருவர் டாக்டர் ஆகிவிட மாட்டார். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்கிறேன் என்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். அது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

காப்பீட்டு அட்டை

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. நோய் வந்தபிறகு அலையாமல், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போய் இப்போதே பதிந்துவிடுங்கள். எல்லாச் சிகிச்சையும் இதில் வராது. சேருமுன் அந்த ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள். திட்டத்தில் வரும் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993-க்குச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் என்று சொன்னதும்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். டாக்டர் சொல்கிறார், நர்ஸ் ஃபாரத்தை நீட்டுகிறார், அண்ணன் தம்பி பணத்துக்கு ஓடுகிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள். உட்கார்ந்து கேளுங்கள்: “சார், இதை இன்னைக்கே செய்யணுங்களா? ஒரு வாரம் தள்ளினா என்ன ஆகும்? மாத்திரையில சரியாகாதுங்களா? இதே நோயாளி உங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?” நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்விகள் கோபம் தராது. பலர் மகிழ்ச்சியோடு படம் வரைந்தே விளக்குவார்கள். உடனே செய்தாக வேண்டிய நிலைமையாக இருந்தால் அதற்கான காரணம் அப்போதே தெரிந்துவிடும். அவகாசம் இருந்தால் ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சேலத்திலோ இன்னொருவர் கருத்தைக் கேளுங்கள்.

குறிப்பிட்ட லேபில்தான் டெஸ்ட் எடுக்கணும் என்று வற்புறுத்தினால் காரணம் கேளுங்கள். நோயாளியை அனுப்பி வைப்பதற்காக டாக்டர் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள் தடை செய்கின்றன.

பில்லும் காகிதங்களும்

மொத்தத் தொகையை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டை வாங்காதீர்கள். அறை வாடகை, டாக்டர் வந்து பார்த்த கட்டணம், மருந்து, கையுறை, சிரிஞ்சு என்று பிரித்துப் போட்ட பில்லைக் கேளுங்கள். இரண்டு நாள் படுத்தவருக்கு மூன்று நாள் வாடகை போட்டிருக்கிறதா? திருப்பிக் கொடுத்த மருந்து கழிந்திருக்கிறதா? டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பதும் மேலே சொன்ன 2002 விதிகளில் இருக்கிறது. எழுதிக் கேட்டு, தேதியோடு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை எப்படி வளர்கிறது

நம் மாவட்டத்தில் உள்ள சிட்லிங்கி பள்ளத்தாக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1993-இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் மலைவாழ் மக்களிடையே சிறு குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த ஊர்ப் பெண்களையே நர்ஸ்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். தன் பாஷையில் பேசும், தனக்குத் தெரிந்த பெண்ணே பிரஷர் பார்த்து, மருந்தை விளக்கிச் சொல்லும்போது நோயாளிக்கு அச்சம் குறைகிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் கண்ணாடிக் கட்டடத்துக்குச் செலவிடுவதில் கொஞ்சத்தை இதற்குச் செலவிட்டால் என்ன?

தவறு நடந்துவிட்டால்

நர்ஸை அடிப்பதும் கண்ணாடியை உடைப்பதும் வேண்டாம். அது 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறைக்கே கொண்டுபோகும். உங்கள் பக்கத்து நியாயமும் அடிபட்டுப் போகும். மோசமான முடிவு எல்லாமே அலட்சியத்தால் வருவதில்லை என்பதால், காகிதங்களை வேறொரு டாக்டரிடம் முதலில் காட்டுங்கள். டாக்டரின் நடத்தை பற்றிய புகார் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்குப் போகவேண்டும். இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும்.