வீட்டு வேலையும் விஞ்ஞானப் பாடமும்

கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்த பொழுது, ஆலத்தி கரைத்துக்கொண்டிருந்த தாயிடம் அவருடைய சிறு மகள், "மஞ்சளில் வெள்ளைச் சுண்ணாம்பைப் போட்டால் சிவப்பு எப்படி வருகிறது, அம்மா?" என்று கேட்டாள். "அது அப்படித்தான்; போய் விளையாடு" என்ற விடையே கிடைத்தது. அத்தாயைக் குறை கூறுவதற்கில்லை. அவருக்கும் எவரும் சொல்லித் தந்ததில்லை.

மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள், சுண்ணாம்பு போன்ற காரம் பட்டவுடன் சிவக்கும். புளிப்பான எலுமிச்சைச் சாற்றைப் போதிய அளவு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். மஞ்சள் கறை படிந்த வேட்டிக்குச் சோப்புப் போட்டால் சிவந்து காட்டுவதும் இதனாலேயே. வெள்ளைக் காகிதத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசி உலர்த்திக் கொடுத்தால், சோப்பு நீர், புளிக்கரைசல், அடுப்புச் சாம்பல் கரைத்த நீர் ஆகியவற்றைக் குழந்தை தானே சோதித்தறியும். சுண்ணாம்பை மட்டும் பெரியவர்களே கையாள வேண்டும். அது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

இட்லி மாவு மற்றொரு நல்ல பாடம். ஒரே மாவை இரு பாத்திரங்களில் ஊற்றி, ஒன்றை அடுப்பங்கரையிலும் மற்றொன்றைக் குளிர்ந்த மூலையிலும் வைத்து, மாவின் மட்டத்தில் வெளிப்புறம் நூல் கட்டச் சொல்லுங்கள். காலையில் எது நூலைத் தாண்டியது? மாவிலுள்ள நுண்ணுயிர்கள் வெளியிடும் கரியமில வாயுவே அதனை உப்பச் செய்கிறது. வெதுவெதுப்பில் அவை விரைந்து பெருகும். மார்கழியில் மாவு புளிக்கத் தாமதமாவதன் காரணத்தைக் குழந்தையே கூறிவிடும். விடையை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுவதுதான் பெரியவர்களாகிய நம்முடைய வழக்கமான பிழை.

இதனைக் கேட்ட ஒரு பஞ்சாயத்து உறுப்பினர், "இதுவும் குலக்கல்விதானே, ஐயா?" என்று வினவினார். நியாயமான ஐயமே. 1953-ஆம் ஆண்டில் சென்னை ராஜ்யத்தில் வந்த திட்டம், பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது. கடும் எதிர்ப்புக்குப் பின் 1954-இல் அது கைவிடப்பட்டது. நாம் கூறுவதோ பள்ளி நேரத்தில் ஒரு நிமிடத்தையும் தொடாதது. 6 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி பெறுவது 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளின் உரிமை. தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் பாத்திரம் துலக்கவும் பெண்ணை வீட்டில் நிறுத்திவிட்டு, "விஞ்ஞானம் கற்கிறாள்" என்று எவரேனும் சொல்வாராயின், அதனை உறுப்பினர்கள் ஏற்கலாகாது. மாவில் நூல் கட்டும் வேலை ஆண்பிள்ளைக்கும் உரியது; முறத்தில் புடைக்கும்பொழுது பதர் ஏன் விலகிப் பறக்கிறது என்பதை அவனும் கையால் அறியட்டும்.

இதற்குப் பஞ்சாயத்து நிதி வேண்டுவதில்லை. அடுத்த கூட்டத்திற்கு வரும் தாய்மார்களிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் ஒரு துண்டு மஞ்சள் காகிதத்தைக் கொடுத்து, வீட்டில் எவையெவை அதனைச் சிவக்கச் செய்தன என்று பிள்ளைகளைக் கொண்டே சொல்லச் செய்யலாம்.